பழைய வாட்சுகளில் நான் கெடுத்ததும் சரிசெய்ததும்

"இது உங்க மாமாவோட வாட்ச் இல்லையேப்பா."

அத்தை அதைக் கையில் வாங்கி, ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார். கோபமெல்லாம் இல்லை. வேறு யாருடையதையோ மாற்றி எடுத்து வந்துவிட்டேன் என்றுதான் நினைத்தார். இல்லை அத்தை, இதுதான், பின்மூடியில் மாமா பெயரின் முதல் எழுத்து இருக்கு பாருங்க என்று காட்டினேன். பார்த்தார். "ஆமா" என்றார். பீரோவில் வைத்துப் பூட்டினார். அதற்கப்புறம் அதை வெளியே எடுக்கவே இல்லை.

அது ஒரு ஒமேகா சீமாஸ்டர், ஆட்டோமேட்டிக். மாமா சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியது. மெஷினில் பொறித்திருக்கும் வரிசை எண் 2 கோடியைத் தாண்டிக் கொஞ்சம் போகிறது, அப்படியென்றால் 1963ஐ ஒட்டிச் செய்தது. ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்துக்குத் திரும்பி வந்த ஒரு பயணத்தில் உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கி, டயலில் 4 மணிக்குப் பக்கத்தில் டீ சிந்தினாற்போல் ஒரு கறை பிடித்துவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கறையைக் காட்டித்தான் மாமா கப்பல் கதையை ஆரம்பிப்பார். அவர் போனபின் இருபது வருஷம் அந்த வாட்ச் பீரோவில் கிடந்தது. நான் இரண்டு மாதம் உட்கார்ந்து அதை ஓடவைத்தேன். அதோடு நின்றிருக்க வேண்டும். நிற்காமல், டயலைக் கழற்றிப் புதிதாகப் பெயிண்ட் அடிக்கக் கொடுத்தேன். கறை போய்விட்டது. கதையும் அதோடு போய்விட்டது.

பழைய வாட்ச் இருக்கு, சரிசெய்து தர முடியுமா, நானே கற்றுக்கொள்ள முடியுமா என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்ல வேண்டிய முதல் விஷயம் இது என்பதால் இதிலிருந்து ஆரம்பித்தேன். மற்றதெல்லாம் கைவேலை. செய்யச் செய்ய வந்துவிடும்.

எனக்கு இந்த வேலை அப்பாவின் எச்.எம்.டி. ஜனதாவிலிருந்து ஒட்டிக்கொண்டது. அவர் வேலைக்குச் சேர்ந்த வருஷம் முதல் சம்பளத்தில் வாங்கியது. எங்கள் தலைமுறைக்கு எச்.எம்.டி. பற்றிச் சொல்லவே வேண்டாம், ஆனால் இளையவர்கள் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். 1961ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து பெங்களூரில் அரசு நிறுவனமாக வாட்ச் தயாரிக்க ஆரம்பித்தார்கள். ஜனதா, பைலட், சோனா, கோஹினூர் என்று எத்தனையோ மாடல்கள். ஜனதாவில் இருப்பது அச்சுகள் தேயாமல் தாங்க 17 கல் வைத்த, தினமும் சாவி கொடுக்கிற மெஷின், 0231 என்று அதற்கு நம்பர். மணிக்கு 18,000 துடிப்பு. நொடிக்கு 5, ஒரு நாளைக்கு 4,32,000. ஒரு வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 15 கோடியே 77 லட்சம் தடவை அந்தச் சின்னப் பேலன்ஸ் சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுகிறது. நம் வீட்டில் இப்படி உழைக்கிற வேறு எந்தப் பொருளுக்கும் பத்து வருஷம் எண்ணெய் விடாமல் இருக்க மாட்டோம்.

அப்பாவின் வாட்ச் நின்றபோது அதைத் திருச்சி பெரிய கடை வீதிப் பக்கம் ஒரு வாட்ச் கடைக்குக் கொண்டுபோனேன். கடை என்றால் நாலடி அகலத்தில் கண்ணாடிப் பெட்டி வைத்த ஒரு பொந்து. பாய் ஒருவர்தான், அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒசூர் டைட்டன் ஃபேக்டரியிலிருந்து குவார்ட்ஸ் வாட்சுகள் வர ஆரம்பித்தபின் சாவி வாட்ச் வேலை குறைந்துபோய், செல் மாற்றுவதும் ஸ்ட்ராப் போடுவதுமாக ஓடிக்கொண்டிருந்தது கடை. ஜனதாவை வாங்கிப் பின்மூடியைத் திறந்ததும் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். நான் பார்க்கட்டுமா என்று கேட்டேன். லென்ஸைக் கழற்றிக் கையில் கொடுத்தார். அந்தச் சின்ன வட்டத்துக்குள் சிவப்புக் கற்களும் சக்கரங்களும் தெரிந்ததிலிருந்து எனக்கு வேறு எதுவும் அவ்வளவு பிடிக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வந்து உட்காரட்டுமா என்று கேட்டேன். "வா தம்பி, ஆனா மூணு மாசத்துக்கு வாட்சைத் தொடக் கூடாது" என்றார்.

மூன்று மாதமும் ஒரே வேலைதான். செத்துப்போன ஒரு மெஷினில் திருகாணிகளைக் கழற்றுவது, திரும்ப மாட்டுவது. ஸ்க்ரூ டிரைவர் நுனி திருகாணியின் வெட்டில் அகலத்திலும் தடிமனிலும் அச்சாகப் பொருந்த வேண்டும், இல்லையென்றால் வழுக்கும், வழுக்கினால் பளபளப்பான பிளேட்டின்மேல் ஒரு கோடு விழும், அந்தக் கோடு அந்த மெஷின் இருக்கும்வரை இருக்கும். ஒவ்வொரு தடவை உட்காரும்போதும் டிரைவர் நுனியை எண்ணெய்க் கல்லில் தீட்டச் சொல்வார். இன்றைக்கு எந்தப் பழைய வாட்சைத் திறந்தாலும் முதலில் திருகாணித் தலைகளைத்தான் பார்க்கிறேன். அவை சிதைந்திருந்தால் முன்பு யாரோ அவசரக்காரர் உள்ளே போயிருக்கிறார், மற்ற இடங்களிலும் ஏதாவது காத்திருக்கும் என்று அர்த்தம். இன்னொன்று, பல மெஷின்களில் சாவி கொடுக்கும்போது சுற்றுகிற மேல்சக்கரத்தின் திருகாணிக்கு மரை இடப்பக்கம் வெட்டியிருக்கும். வழக்கம்போலத் திருப்பினால் இன்னும் இறுகி, தலை முறிந்துவிடும். வரமாட்டேன் என்று அடம் பிடிக்கிற திருகாணியிடம் பலத்தைக் காட்டாதீர்கள், எதிர்ப்பக்கம் லேசாகத் திருப்பிப் பாருங்கள்.

மேஜை விளிம்பிலிருந்து மடிவரைக்கும் வெள்ளைத் துணி ஒன்றை விரித்துச் செருகிக்கொள்வது பாயிடம் கற்ற இன்னொரு பழக்கம். நான் பழைய வேட்டித் துணியைப் பயன்படுத்துகிறேன். கல்லைப் பிடித்திருக்கும் ஷாக் ஸ்பிரிங் மாதிரி சாமான்கள் ட்வீஸரிலிருந்து தெறித்தால் கண்ணுக்குத் தெரியாது, தரையில் விழுந்தால் போனது போனதுதான். அதைக் கழற்றும்போது மெஷினையும் கையையும் ஒரு பாலிதீன் கவருக்குள் விட்டுக்கொண்டு செய்தால் தெறித்தாலும் கவருக்குள்ளேயே இருக்கும்.

ஜனதாவை நான்தான் கெடுத்தேன். நாலாவது மாதம், பாய் தொழுகைக்குப் போயிருந்த நேரம். பேலன்ஸைக் கழற்றிவிட்டேன், அடுத்து பேலட் என்று அதன் திருகாணியைத் திருப்பினேன். ஸ்பிரிங்கில் சாவி மிச்சம் இருந்ததை மறந்துவிட்டேன். பேலட்தான் சக்கரங்களை ஒவ்வொரு பல்லாகப் பிடித்துப் பிடித்து விடுகிற பூட்டு, அந்தப் பூட்டு எழும்பியதும் 'சர்ர்' என்று ஒரு சத்தம், அவ்வளவு சக்கரமும் ஒரே ஓட்டமாக ஓடி நின்றது. லென்ஸ் போட்டுப் பார்த்தால், பேலட் பிடித்து விடுகிற எஸ்கேப் சக்கரத்தின் அச்சு முனை இல்லை. தலைமுடியைவிடச் சற்றுப் பருமனான முனை அது. பாய் வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பழைய தகர டப்பாவைக் கவிழ்த்து, அதிலிருந்த கழிவு மெஷின்களில் ஒன்றிலிருந்து அதே சக்கரத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, "இனிமே முதல்ல சாவியை இறக்கு" என்றார்.

சாவியை இறக்குவது என்றால், கிளிக் என்கிற அந்தச் சின்னத் தடுப்பை ஒரு குச்சியால் நகர்த்திப் பிடித்துக்கொண்டு, மறு கையின் விரல்களுக்கு நடுவே சாவி மெதுவாகத் திரும்பிச் சுற்றும்படி விடுவது. இருபது விநாடி வேலை. இதைச் செய்யாமல் உள்ளே எதையும் கழற்றக் கூடாது. எச்.எம்.டி.யின் வாட்ச் பிரிவை மூட 2016ல் அரசு முடிவெடுத்துவிட்டது, ஆகவே இப்போது உதிரிச் சாமான் வேண்டுமென்றால் இன்னொரு எச்.எம்.டி. தன் உயிரைக் கொடுத்தாக வேண்டும். இந்த மாதிரிக் கழிவு வாட்சுகளை எங்கே பார்த்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நம்மிடம் இருக்கிற டப்பாதான் நம் ஸ்டோர்.

அடுத்த தப்பு அரக்கில் நடந்தது. பேலட்டின் இரண்டு கைகளிலும் சின்னச் சிவப்புக் கற்கள் இருக்கும், பேலன்ஸின் அடியிலும் ஒரு கல் இருக்கும். இவற்றை ஒட்டியிருப்பது அரக்கு. ஆமாம், அரக்குமாளிகை கட்டிய அதே அரக்குதான், சுவிஸ் வாட்சிலும் ஜப்பான் வாட்சிலும் அதுதான். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். நான் சக்கரங்களோடு பேலட்டையும் சேர்த்து ஐசோபுரோபைல் ஆல்கஹால் என்கிற ஸ்பிரிட்டில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டுவிட்டேன். காலையில் ஒரு கல் தனியாகக் கிண்ணத்தின் அடியில் கிடந்தது. திரும்ப அதைச் சரியான ஆழத்தில் வைத்து, ஒரு துளி அரக்கை உருக்கி ஒட்டுவது எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது, ஏனென்றால் நூலிழை முன்னே பின்னே போனாலும் வாட்ச் தடுமாறும். பேலட்டையும் பேலன்ஸையும் வெள்ளைப் பெட்ரோலில் அலசினால் போதும். ஸ்பிரிட் சக்கரங்களுக்கும் பிளேட்டுக்கும் மட்டும்.

எண்ணெய் விஷயத்தில் ஊரில் நடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. தையல் மெஷின் எண்ணெயை ஊசியில் தொட்டு எல்லா இடத்திலும் வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அன்றைக்கு வாட்ச் நன்றாக ஓடும். அந்த எண்ணெய் நிற்கிற இடத்தில் நிற்காது, பரவி, பேலன்ஸை ஆடவைக்கிற மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்வரைக்கும் போகும், கொஞ்ச நாளில் தூசியோடு சேர்ந்து பிசினாகும். வாட்ச் எண்ணெய் தனி. வேகமாகச் சுற்றுகிற அச்சுகளுக்கு மெல்லியது, பளு தாங்குகிற இடங்களுக்குக் கெட்டியானது, பேலட் கற்களின் முகத்துக்கு வேறு ஒன்று, சாவி ஏறுகிற பெரிய ஸ்பிரிங்குக்கு கிரீஸ். கல்லின் நடுவே ஒரு சின்னக் குழி இருக்கும், அதில் பாதிக்குச் சற்று மேல் எண்ணெய் நின்றால் போதும், விளிம்பைத் தொடக் கூடாது. பேலட்டின் அச்சு முனைகளுக்கு எண்ணெயே கிடையாது, காய்ந்தபடிதான் ஓட வேண்டும். எங்கே விடக்கூடாது என்று தெரிந்தவர்தான் எண்ணெய் விடத் தெரிந்தவர் என்பார் பாய்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த வாட்ச் திடீரென்று நாளைக்குப் பத்து நிமிஷம், இருபது நிமிஷம் வேகமாக ஓட ஆரம்பித்தால் சர்வீஸுக்குக் கொடுத்துப் பணத்தைச் செலவழிக்கும் முன் காந்தம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் காந்தத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ஸ்பிரிங் நீளம் குறைந்த மாதிரி ஆகி, துடிப்பு வேகமாகிவிடும். ஒரு சாதாரணத் திசைகாட்டியின் மேல் வாட்சை மெதுவாக நகர்த்துங்கள், முள் கூடவே இழுபட்டால் காந்தம்தான். ஸ்பீக்கர், காந்தப் பட்டன் வைத்த கைப்பை, டேப்லெட் உறை, இவையெல்லாம் காரணம். காந்தம் எடுக்கிற சின்னக் கருவி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, அரை நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். கல்லூரிப் பெண் ஒருவர் தன் தாத்தாவின் வாட்சைக் கொண்டுவந்தார், இரண்டு கடைகளில் மெஷின் போச்சு என்று சொல்லிவிட்டார்களாம். காந்தம் மட்டும்தான். அவர் முகத்தைப் பார்த்த அந்த நாள் எனக்குப் போதும்.

ரேடியம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் இருட்டில் மின்னுவது எல்லாமே ரேடியம்தான், வண்டிக்கு ஒட்டுவதுகூட ரேடியம் ஸ்டிக்கர். அதில் ரேடியம் கிடையாது. ஆனால் 1960களுக்கு முந்தைய வாட்சுகளின் முள்ளிலும் எண்களிலும் தடவியிருந்தது பல சமயம் நிஜ ரேடியம். இப்போது அது மின்னாது, அதனால் சக்தி தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறோம். தீர்ந்துபோனது ஒளிர்கிற துத்தநாக சல்ஃபைடு மட்டும்தான், ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 வருஷம், அது அப்படியே இருக்கிறது. மூடிய வாட்சைக் கட்டிக்கொள்வதைவிடத் திறந்து சுரண்டுவதுதான் ஆபத்து, அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது. நீண்ட நாள் ஓடாமல் கிடந்த வாட்சின் டயலில் முள்ளின் வடிவத்தில் பழுப்புத் தடம் தெரிந்தால் எச்சரிக்கையாக இருங்கள். நான் அப்படிப்பட்ட டயல்களைத் தொடுவதில்லை, வாட்சை வாங்கியபடியே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

சரி, ஒமேகாவுக்கு வருகிறேன்.

அதன் பின்மூடியைத் திறந்தபோது செம்பு நிறத்தில் மெஷின் மின்னியது. அந்தக் கால ஒமேகாக்களின் அடையாளமே அந்த நிறம்தான். மேலே அரைவட்ட ரோட்டர், கை அசைவில் சுற்றிச் சாவி ஏற்றுவது. பின்மூடியின் உள்பக்கம் வில் வடிவில் ஒரு கீறல் ஓடியது, ரோட்டரின் அச்சு தேய்ந்து அது தொங்கி உரசியிருக்கிறது. பழைய ஆட்டோமேட்டிக் வாங்குகிறவர்கள் அந்த இடத்தைக் கட்டாயம் பாருங்கள். உப்புத் தண்ணீர் போன வழி சாவிப் பக்கம். சாவியை மெஷினோடு இணைக்கிற கம்பியான ஸ்டெம் துருவாகி நின்றது. நான் ஒரு திருகாணியைத் திருப்பியபோது தலை கையோடு வந்துவிட்டது, உடல் பிளேட்டுக்குள்ளேயே துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டது.

அதைத் துளைபோட்டு எடுக்க எனக்குத் தைரியம் இல்லை. பாய் அப்போது கடையை மூடிவிட்டு வீட்டோடு இருந்தார், போய்க் கேட்டேன். "படிகாரம் வாங்கு" என்றார். நாட்டு மருந்துக் கடையில் வாங்கினேன், முடிதிருத்தும் கடையில் சவரத்துக்குப்பின் தடவுகிற, வீட்டு வாசலில் திருஷ்டிக்குக் கட்டுகிற அதே படிகாரம். தண்ணீரைச் சூடாக்கி இனிமேல் கரையாது என்கிற அளவுக்குக் கரைத்து, பிளேட்டிலிருந்து இரும்புச் சாமான் ஒன்றுகூட விடாமல் கழற்றிவிட்டு, வெறும் பிளேட்டை அதில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் அந்தத் திருகாணியிலிருந்து மட்டும் நுண்ணிய குமிழ்கள் வர ஆரம்பித்தன. படிகாரக் கரைசல் இரும்பைத் தின்னும், பித்தளையை விட்டுவிடும். கரைசலைத் திரும்பத் திரும்ப வெதுவெதுப்பாக்கிக்கொண்டே இருந்தேன். மறுநாள் ராத்திரி எடுத்துப் பார்த்தால் திருகாணி இருந்த இடத்தில் கருப்பாக ஒரு சேறு, மரக் குச்சியால் தொட்டதும் உதிர்ந்துவிட்டது. மரை அப்படியே இருந்தது. செம்புப் பூச்சுக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதைச் செய்து பார்க்கிறவர்கள், இரும்பு ஊசி அளவு சாமான்கூட பிளேட்டில் மிச்சம் இல்லை என்று இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், அதையும் தின்றுவிடும்.

ஸ்பிரிங், ஸ்டெம், ரோட்டர் அச்சு, இந்த மூன்றையும் மாற்றினேன். பல சுவிஸ் கம்பெனிகள் வெளி மெக்கானிக்குகளுக்கு உதிரிச் சாமான் கொடுப்பதில்லை, அதனால் ஓடாத இன்னொரு ஒமேகா மெஷினைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. பூட்டி முடித்து டைம்கிராஃபரில் வைத்தேன். துடிப்புச் சத்தத்தைக் கேட்டுக் கணக்குச் சொல்கிற கருவி அது. இந்த மெஷின் மணிக்கு 19,800 துடிப்பு. பேலன்ஸ் ஆடுகிற கோணம் படுத்தபடி வைத்தால் 280 டிகிரி, நிறுத்தி வைத்தால் கொஞ்சம் குறைவு. 200க்குக் கீழே போனால் ஏதோ அழுக்கோ தேய்மானமோ இருக்கிறது என்று அர்த்தம். ஒரு நாளைக்கு 7 விநாடி வேகம் காட்டியது. சுவிட்சர்லாந்தில் குரோனோமீட்டர் என்று சான்று தருகிற வாட்சுகளுக்கே 4 விநாடி தாமதம் முதல் 6 விநாடி வேகம் வரைதான் கணக்கு, அறுபது வருஷம் ஆன, கடல் தண்ணீர் குடித்த வாட்ச் அதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் டயலைக் கொடுத்தேன். உள்ளே இவ்வளவு நன்றாக இருக்கிறது, முகம் இப்படிக் கறையோடு இருக்கலாமா என்று தோன்றியது. ஒரு வாரத்தில் வெள்ளி மாதிரி பளபளவென்று வந்தது. மேஜையில் வைத்து லென்ஸ் போட்டபோதே எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. பழைய டயலில் எழுத்து ஒவ்வொன்றும் மேலே எழும்பி நின்று விளிம்பு கத்தி மாதிரி இருந்தது, இதில் தட்டையாக, சற்றே கசிந்து இருந்தது. அடியில் 6 மணிக்கு இரண்டு பக்கமும் வருகிற 'ஸ்விஸ் மேட்' எழுத்து விளிம்போடு ஒட்டி இருக்க வேண்டியது கொஞ்சம் மேலேறி இருந்தது. நிமிஷக் கோடுகள் இரண்டு இடத்தில் முள்ளுக்கு நேராக விழவில்லை. பெயிண்ட் அடிப்பதென்றால் பழையதை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் அடிக்க முடியும். திரும்பப் போக வழி இல்லை.

ஒரு டயலுக்கு நாம் செய்யக்கூடியது ரொம்பக் கொஞ்சம். ரப்பர் புளோயரால் தூசியை ஊதலாம். களிமண் மாதிரி இருக்கிற ரோடிகோவால் ஓரத்தில் ஒற்றி எடுக்கலாம். ஈரத் துணி, பஞ்சு, ஸ்பிரிட் எதுவும் வேண்டாம், மேலே இருக்கிற வார்னிஷோடு எழுத்தும் ஒரே துடைப்பில் வந்துவிடும். கேஸை பஃப் போட்டுப் பாலீஷ் பண்ணாதீர்கள், ஸ்ட்ராப் மாட்டுகிற கொம்புகளின் கூர்மையான விளிம்புகள் சோப்பு மாதிரி மழுங்கிவிடும், இழந்த உலோகம் திரும்ப வராது. கண்ணாடி அக்ரிலிக்காக இருந்தால் அதை மட்டும் தாராளமாகத் தேய்க்கலாம், துணியில் கொஞ்சம் பிராஸோ தொட்டுப் பத்து நிமிஷம் தேய்த்தால் கீறல் போய்விடும். அதைக்கூட மாற்றாதீர்கள். மாமாவின் கண்ணாடியின் நட்டநடுவில் உள்பக்கமாகக் கடுகைவிடச் சின்னதாக ஒமேகா முத்திரை இருக்கிறது, வெறும் கண்ணுக்குத் தெரியாது, லென்ஸ் போட்டால்தான் தெரியும். அது கம்பெனிக் கண்ணாடி என்பதற்கு அடையாளம். நல்லவேளை, அதை நான் தூக்கிப் போடவில்லை.

விலை உயர்ந்த வாட்சைக் கம்பெனி சர்வீஸுக்கே கொடுப்பதானாலும், டயல், முள், சாவி இவற்றை மாற்ற வேண்டாம், எதை மாற்றினாலும் பழையதைத் திருப்பித் தர வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் தன் தாத்தா வாட்சைக் கொடுத்துவிட்டுப் புது டயலோடு வாங்கி வந்தார், பழையது எங்கே என்று கேட்டபோது அழித்துவிட்டோம் என்று பதில் வந்தது. அப்புறம், இணையத்தில் பழைய எச்.எம்.டி., ஃபேவர் லூபா, சீக்கோ என்று ஆரஞ்சிலும் கிளிப்பச்சையிலும் புதுசு மாதிரி மின்னுகிற டயலோடு மலிவாக விற்கிறவற்றில் பெரும்பாலானவை பெயிண்ட் அடித்தவைதான். கட்டிக்கொள்ள ஆசையாக இருந்தால் வாங்கலாம், பழைய வாட்ச் என்று நம்பி வாங்காதீர்கள். சீக்கோவாக இருந்தால் பின்மூடி எண்ணின் முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம், அதை மெஷினோடும் டயலோடும் ஒப்பிட்டாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும். பின்மூடியில் தண்ணீர் புகாது என்று எழுதியிருப்பதைப் பார்த்து மழையில் கட்டிக்கொண்டு போகாதீர்கள், அது ரப்பர் புதிதாக இருந்த காலத்துச் சொல்.

போன பொங்கலுக்கு நாகப்பட்டினம் போனபோது அத்தை பீரோவைத் திறந்து ஒரு சுருக்குப்பையை எடுத்தார். ஒமேகா என்று நினைத்தேன். அது அவருடைய சொந்த வாட்ச், கல்யாணத்துக்கு அவர் அண்ணன் வாங்கிக் கொடுத்த பெண்களுக்கான சின்ன எச்.எம்.டி. டயல் ஓரமெல்லாம் பழுப்பேறி, நடுவில் ஒரு புள்ளி கருத்திருந்தது.

"ஓட மட்டும் வை. மூஞ்சியைத் தொடாதே" என்றார்.

மெஷினைக் கழுவி, எண்ணெய் விட்டு, ஸ்பிரிங் மாற்றினேன். டயலைக் கழற்றியதும் ஒரு மூடியுள்ள டப்பாவில் வைத்தேன், பூட்டும்போதுதான் திறந்தேன். புளோயரால் ஒரு தடவை ஊதியதோடு சரி. மெஷின் சின்னது என்பதால் அது ஒமேகா மாதிரி நிலையாக நிற்கவில்லை, நாளைக்கு ஒன்றரை நிமிஷம் முன்னே போகிறது. இன்னொரு தடவை கொடுங்க அத்தை, குறைத்துத் தருகிறேன் என்று போனில் சொன்னேன். வேண்டாமாம். காலையில் ரேடியோவில் செய்தி ஆரம்பிக்கும்போது சாவியை இழுத்து அவரே நேரத்தை வைத்துக்கொள்கிறாராம், அப்படியே சாவியும் கொடுத்துவிடுகிறாராம்.